மூடி தானாகத் திறந்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் ஹேக்கத்தான் சீசன் தொடங்கிவிட்டது போலிருக்கிறது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி நடுவர் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததை வைத்தே இந்த வாரப் பதில்கள். இது என்ன போட்டி என்று கேட்ட பெற்றோருக்கு ஒரு வரி: மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து, ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் அதற்கு ஒரு மாதிரிக் கருவியோ செயலியோ செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் டீயும் தூக்கக் கலக்கமும்.

மேடம், எங்கள் டீம் ஸ்மார்ட் டஸ்ட்பின் செய்யப்போகிறது. கையை நீட்டினால் மூடி தானாகத் திறக்கும். தொட்டி நிரம்பினால் மாநகராட்சிக்கு மெசேஜ் போகும். பரிசு கிடைக்க வாய்ப்பு உண்டா?
– இ.சி.இ. இரண்டாமாண்டு மாணவி, திருமங்கலம்

கிடைக்கலாம். மூடி திறந்ததும் கை தட்டும் நடுவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னிடம் மட்டும் கொண்டுவராதே தாயி. நான் போகிற போட்டியிலெல்லாம் இந்தத் தொட்டி எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. நிறம் மட்டும்தான் மாறும்.

உள்ளே இருப்பது ஹெச்.சி-எஸ்.ஆர்.04 சென்சார். கடையில் மலிவாகக் கிடைக்கும். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும். ஆனால் அது சொல்வது, எதிரே முதலில் படுகிற பொருளின் தூரம் மட்டும். ஒருவர் குடித்த இளநீர்க் கூட்டைத் தொட்டியின் வாயில் செருகிவிட்டுப் போனால் 'நிரம்பிவிட்டது' என்று மெசேஜ் பறக்கும். அடியில் தொட்டி காலி. இன்னொன்று, அந்த மெசேஜ் போக வைஃபை வேண்டும். சிம்மக்கல் தெருமுனைத் தொட்டிக்கு யார் வீட்டு வைஃபை?

அதைவிடப் பெரிய கேள்வி, தொட்டி நிரம்புவதுதான் நம் ஊர்ச் சிக்கலா என்பது. பல தெருக்களில் இப்போது தொட்டியே இல்லை, வண்டி வாசலுக்கு வருகிறது. சிக்கல் எங்கே என்று தெரிய வேண்டுமானால், காலையில் பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் ஒரு டிபன் பார்சலைப் பிரிப்பதை நின்று பார். வெளியே செய்தித்தாள், அதன்மேல் நூல் சுற்று. பிரித்தால் வாழை இலை, இலைக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். உள்ளே தின்று மீந்த அரை இட்லி. கூடவே ஒரு சாம்பார் கவர், இரண்டு சட்னி கவர். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் இறுகியிருக்கும், முடிச்சு அவிழவே அவிழாது. பல்லால் கடிக்கவா முடியும்? நகத்தால் கிழித்தால் நேற்றைய சாம்பார் முழங்கை வரை வழிகிறது. கிழிக்காமல் மக்கும் குப்பையில் போட்டால் உரம் கெடுகிறது, மக்காததில் போட்டால் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் எடுக்க மாட்டார். எங்கள் தெருவுக்கு வருகிற அம்மா இதையெல்லாம் பேசிக்கொண்டே செய்துவிடுவார். பார்க்கிற நமக்குத்தான் குமட்டும்.

குப்பையைப் பிரித்துத் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் சாம்பார் கவர் போகவில்லை. ஏனென்றால் காலை எட்டு மணிக் கூட்டத்தில் கடைக்காரருக்கு அதைவிட வேகமாகக் கட்டித்தர வேறு வழி இல்லை. உங்கள் டீமால் இதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கடைக்குச் சொந்தமான தூக்குவாளி, அதன்மேல் ஒரு க்யூஆர் கோடு, முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் ஒரு சின்னக் கணக்கு. கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு மெஸ்ஸில் ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்கள். வாளியை யார் கழுவுவது, எவ்வளவு பேர் திருப்பித் தரவில்லை, மெஸ்காரர் எந்த நேரத்தில் எரிச்சல்பட்டார் என்று எழுதிவையுங்கள். அந்தப் பேப்பரைக் காட்டினால் நான் எழுந்து நின்று மார்க் போடுவேன்.

நேரமிருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல் கிடங்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஊரின் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாமல் குப்பையைப் பற்றிச் செயலி எழுதக் கூடாது.

குப்பையைப் படம் பிடித்தால் வகை சொல்லும் ஏ.ஐ. மாடல் செய்தோம். 95 சதவீதத் துல்லியம். மேடையில் நடுவர் கையிலிருந்த பொருளைக் காட்டியதும் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டது. எங்கே தப்பு?
– கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர், மேலூர்

உங்கள் மாடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில்தான் தம்பி. இணையத்தில் எல்லாரும் எடுப்பது டிராஷ்நெட் என்ற படத் தொகுப்பு. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் 2016-இல் தங்கள் வகுப்புக்காகச் செய்தது. மொத்தம் 2,527 படங்கள். கண்ணாடி, காகிதம், அட்டை, பிளாஸ்டிக், உலோகம், இதர குப்பை என்று ஆறு வகை. ஒவ்வொரு பொருளையும் வெள்ளை அட்டையில் தனியாக வைத்து எடுத்த படம். அவர்கள் தேவைக்கு அது நல்ல வேலை. ஆனால் அதில் மக்கும் குப்பைக்குத் தனி வகையே கிடையாது! நம் ஊர்க் குப்பையில் கனமானதே அதுதான்.

வெள்ளைப் பின்னணியில் சுத்தமான பாட்டிலைப் பார்த்துப் பழகிய மாடலிடம், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வாசலில் ஈரச் சாக்கில் ஒட்டிய சம்பங்கியைக் காட்டினால் அது என்ன சொல்லும்? 95 என்பதும் அதே தொகுப்பிலிருந்து எடுத்துவைத்த படங்களில் வாங்கிய மார்க். வீட்டுப் பாடத்தையே பரீட்சையில் கேட்டது மாதிரி. நீங்களே போனை எடுத்துக்கொண்டு போய் நம் குப்பையைப் படம் எடுங்கள். நசுங்கியது, நனைந்தது, பாதி மறைந்தது எல்லாம் வேண்டும். துல்லியம் 60-க்கு இறங்கும். இறங்கட்டும், அந்த 60 உங்களுடையது.

என் மகள் 36 மணி நேரம் தொடர்ந்து நடக்கும் போட்டிக்கு வெளியூர் போகிறாள். ராத்திரியெல்லாம் முழிக்க வேண்டுமாமே. அனுப்பலாமா அம்மா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

அனுப்புங்கள். 2017 முதல் நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் குழுவுக்கு ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும். மென்பொருள் போட்டி 36 மணி நேரம் ஓடும். பெண்களுக்குத் தனியாகத் தங்குமிடம் எங்கே, கூட வரும் ஆசிரியர் யார், அவர் போன் எண் என்ன என்று கல்லூரியில் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம், கேட்க வேண்டியதுதான்.

முழிப்பு விஷயம்: ஆறு பேரும் சேர்ந்து முழிப்பது வீண். இரண்டு இரண்டு பேராக முறைவைத்துத் தூங்கினால் விடிகாலை நாலு மணிக்குத் தப்புப் போட மாட்டார்கள். ராத்திரிக்கு ஏழாவது காபிக்குப் பதில் ஒரு பருத்திப்பால் குடிக்கச் சொல்லுங்கள். வெளியூரில் கிடைக்காதே என்பீர்கள், அதுவும் சரிதான்.

மதுரை டீம் என்று சொன்னாலே வெளியூர்ப் போட்டிகளில் 'தெர்மாகோல் கொண்டுவந்தீங்களா?' என்று கிண்டல் செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– மெக்கானிக்கல் மூன்றாமாண்டு, பசுமலை

2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் தாள்களை டேப் போட்டு ஒட்டி மிதக்கவிட்டார்கள். அமைச்சரே நின்று தொடங்கிவைத்தார். காற்று அடித்தது, தாள்கள் கரைக்குத் திரும்பி வந்தன. நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஹேக்கத்தானுக்குப் போகிற பிள்ளைகள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, அதில் பாடம் இருக்கிறது.

நீரின் மேல்பரப்பை மூடினால் ஆவியாவது குறையும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். வெயில் பட்டுத் தண்ணீரில் புரோமேட் என்ற கெட்ட வேதிப்பொருள் உருவாவதைத் தடுப்பதுதான் முதல் நோக்கம். ஆவியாவது குறைந்தது கூடுதல் லாபம். அந்தப் பந்துகள் ஏன் பறக்கவில்லை தெரியுமா? ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடைத்திருந்தார்கள். எடை! அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு பந்து உருண்டை, காற்று தள்ளினாலும் மற்றப் பந்துகள் நெருங்கி வந்து இடத்தை நிரப்பிவிடும். தாள் அப்படியில்லை, ஓரம் தூக்கினால் பாய் சுருட்டுவதுபோல் போய்விடும்.

அந்தப் பந்துகளைத் தயாரிக்கவே எவ்வளவு தண்ணீர் செலவாகியிருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டு ஆராய்ச்சியாளர்கள் கேள்வி எழுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எந்தத் தீர்வுக்கும் அந்தக் கணக்கு ஒன்று உண்டு.

ஆகவே கிண்டல் செய்கிறவரிடம், 'யோசனை சரி, எடை போதவில்லை. நீங்களானால் எவ்வளவு எடை வைப்பீர்கள்?' என்று கேளுங்கள். பேப்பர் பேனா எடுத்தாரென்றால் அவரை உங்கள் டீமில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு யோசனை: அணைக்குப் போக வேண்டாம். ஒரு பண்ணைக்குட்டையில் அரைப் பகுதியை மூடி, பக்கத்தில் அதே அளவு திறந்த குட்டையையும் வைத்து, ஆடி மாதக் காற்றில் அளந்து பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊரில் சித்திரையில் மட்டும் சோதித்தால் போதாது.

போன வருஷம் காலேஜ் பிள்ளைகள் வந்து எங்கள் கண்மாயில் தண்ணீர் மட்டம் காட்டும் மிஷினை மாட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழை முடியுமுன்னே அது நின்றுபோச்சு. அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இதெல்லாம் எங்களுக்கு எதற்கம்மா?
– விவசாயி, கொட்டாம்பட்டி

ஐயா, உங்கள் கோபம் நியாயம். பிள்ளைகளுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அது ஏன் நின்றிருக்கும் என்று சொல்கிறேன், அடுத்த முறை வருகிறவர்களிடம் கேள்வி கேட்க உதவும்.

இப்படி நின்றுபோன பெட்டிகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது குளவிக் கூடு. சென்சாரின் இரண்டு குழலும் குளவிக்குப் பிடித்த அளவு, மண்ணை வைத்துப் பூசிவிடும். உள்ளே எறும்பு. பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தாலும் சிம் கார்டு செத்திருக்கும். ரீசார்ஜ் செய்ய யாரும் இல்லை! கல்லூரியில் அதற்குக் கணக்குத் தலைப்பு கிடையாது, பிள்ளைகள் தேர்வு எழுதப் போய்விட்டார்கள். சிம் வேண்டாமென்றால் ரேடியோ அலையிலேயே சேதி அனுப்பும் லோரா என்று ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம், திறந்தவெளியில் சில கிலோமீட்டர் எட்டும், மின்சாரமும் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் அதற்கும் மறுமுனையில் ஒரு பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அடுத்தது, அவர்கள் தப்பான இடத்தில் மாட்டியிருக்கலாம். உங்கள் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்று உங்களுக்கு மிஷின் சொல்ல வேண்டியதில்லை. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சிக்கு மடைக் கல்லைப் பார்த்தாலே தெரியும், எத்தனை நாளைக்கு எத்தனை வயலுக்குத் தாங்கும் என்றும் சொல்லிவிடுவார். உங்கள் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலித் தொடர். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரும். அப்படியானால் உங்களுக்கு உபயோகம் எது? மேலே இருக்கிற கண்மாயின் கலுங்கு வழியத் தொடங்கிவிட்டது என்ற ஒரு சேதி, ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் போனில். வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் அடைத்திருந்தால் ஆளோடு போய் வெட்டிவிடலாம், உடைப்பு வருமுன் கரையைப் பார்க்கலாம். அதற்குச் சென்டிமீட்டர் கணக்கெல்லாம் தேவையில்லை. தண்ணீர் தொட்டால் மணியடிக்கும் ஒரு மிதவை சுவிட்சே போதும், மேல்தொட்டிக்குப் போடுகிறோமே, அதுதான்.

மட்டம் அளந்தே ஆக வேண்டுமென்றால் மடையின் சுவரில் பெயின்ட்டால் அளவுகோல் எழுதிவிட்டு, நீர்பாய்ச்சி தினமும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் ஆயிற்று. அதில் குளவி கூடு கட்டாது. அந்த வேலைக்கு அவருக்கு மாதம் ஏதாவது தரவேண்டும், அதையும் பட்ஜெட்டில் எழுத வேண்டும். மாணவர்கள் எழுதுகிற பட்ஜெட்டில் சோலார் பேனலுக்கு ஒரு வரி இருக்கும், மனிதருக்கு ஒரு வரி இருக்காது.

இனிமேல் யாராவது பெட்டியோடு வந்தால் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்: ஒரு வருஷத்துக்குப் பழுது பார்ப்பது யார், சிம்முக்குப் பணம் யார், வேண்டாமென்றால் கழற்றிக்கொண்டு போவது யார். மூன்றாவது முக்கியம். கண்மாயில் செத்துக் கிடக்கும் லித்தியம் பேட்டரியும் குப்பைதான்.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கோடிங் தெரியாது. தோழிகள் டீமில் கூப்பிடுகிறார்கள். போய் என்ன செய்வேன்?
– பி.ஏ. மாணவி, மதுரை

போ. பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரியோடு அரை மணி நேரம் பேசி, மீந்த பூ எங்கே போகிறது என்று அவர் வாயால் சொல்ல வைக்க இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு வராது. கேட்ட கேள்விக்கு ஒத்தை வார்த்தையில் பதில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். செயலியின் தமிழும் உன் பொறுப்பு. 'உங்கள் சமர்ப்பிப்பு வெற்றிகரமாகப் பெறப்பட்டது' என்று எழுதி ஒரு தூய்மைப் பணியாளரிடம் நீட்டுகிறார்கள். 'வந்துருச்சு' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

கோடிங் தெரியாமலே சுற்றுச்சூழல் கணக்குப் போடலாம். உன் விடுதியில் 300 மின்விசிறி என்று வை. பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். வித்தியாசம் 45. நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 300 x 45 x 12 = 1,62,000 வாட்-மணி. அதாவது 162 யூனிட். மாதத்துக்கு 4,860 யூனிட். விசிறி விலையையும் உங்கள் விடுதியின் மின்கட்டண வீதத்தையும் வாங்கிப் போட்டால், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கல்லூரி முதல்வர் மேசையில் வைக்கலாம். மூடி திறக்கும் தொட்டியை இது தோற்கடிக்கும்.

அரிட்டாபட்டியை வைத்து ஏதாவது செய்ய ஆசை. டிரோன் விட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்கலாமா?
– பிளஸ் டூ மாணவர், ஒத்தக்கடை

டிரோன் வேண்டாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அந்தப் பாறைகளில் லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும் இருக்கின்றன. கூட்டுக்கு எதிரே ரெக்கை சுழலும் ஒரு பொருள் இரைந்துகொண்டு வந்தால் பறவை கூட்டை விட்டுப் போகும், அல்லது டிரோனை அடிக்கும். இரண்டுமே நல்லதில்லை. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்றதும் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காத்த இடத்தில் நாம் போய்ப் பறவையை விரட்டுவதா?

போனில் குரலைப் பதிவு செய், விடியற்காலை போ, அந்த ஊர் ஆடு மேய்ப்பவரைக் கூட அழைத்துக்கொண்டு போ. எந்த ஊற்று எந்த மாதம் வரை ஓடும் என்று அவரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்தாலே அருமையான ப்ராஜெக்ட்.

எங்கள் டீம் முதல் பரிசு வாங்கியது. காசோலை படமெல்லாம் பேப்பரில் வந்தது. இப்போது ப்ராஜெக்ட் லேப் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?
– இறுதியாண்டு மாணவர், திருப்பரங்குன்றம்

முதலில் சாவியை வாங்குங்கள்.

உங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன். பழைய பிளாஸ்டிக்கைத் தார்ச் சாலையில் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர். ஜல்லியை சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் உருகி ஜல்லியைச் சுற்றித் தோல்போல் படியும். பிறகு தார். ஜல்லிக்குள் தண்ணீர் இறங்காது, தாரும் நன்றாகப் பிடிக்கும். ஒற்றை வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் உள்ளே போய்விடும். எரிக்கிற சூட்டுக்குப் போகக் கூடாது, பி.வி.சி.யைச் சேர்க்கக் கூடாது – அதைச் சூடாக்கினால் குளோரின் சேர்ந்த நச்சு வாயு வரும். கேட்கச் சுலபம்.

ஆனால் காலத்தைப் பாருங்கள். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுப் பார்த்தது 2002. காப்புரிமை 2006. பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள தார்ச் சாலைகளில் கழிவு பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவு போட்டது 2015. அவருக்குப் பத்மஸ்ரீ 2018. நடுவில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள், எத்தனை 'பார்க்கலாம் சார்' என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் செய்தது 36 மணி நேர வேலை. அது தொடக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், தொடங்கலாமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

இனி நடைமுறை. போட்டி விதிமுறையை எடுத்து, செய்தது யாருக்குச் சொந்தம் என்ற பத்தியைப் படியுங்கள். சில இடங்களில் நடத்துகிறவருக்கே உரிமை என்று எழுதியிருக்கும், கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். காப்புரிமை எண்ணம் உண்டென்றால், விண்ணப்பிக்கும் முன்னே மேடையில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் 'புதியது' என்ற தகுதியே போய்விடக் கூடும் என்பதை அடுத்த முறைக்காவது மனதில் வையுங்கள். தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவைத்தால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். தனிநபர் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். வெறும் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு குறுக்கே நிற்கும். கம்பெனி தொடங்கும் எண்ணமிருந்தால் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பின் வட்டார மையம் மதுரையிலேயே இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

இதெல்லாம் வேண்டாம், வேலைக்குப் போகப் போகிறோம் என்றாலும் குற்றமில்லை. அப்படியானால் செய்ததை முழுதாக எழுதி, சர்க்யூட் படத்தோடு, எது வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்து, கீழ் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அடுத்த வருஷம் அவர்கள் அதே குழியில் விழ வேண்டாம்.

சுற்றுச்சூழல் ஹேக்கத்தானுக்குப் போனோம். வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ், டீ பேப்பர் கப்பில், சாப்பாடு பிளாஸ்டிக் டப்பாவில். கேட்கலாமா, கேட்டால் மார்க் குறையுமா?
– பெயர் வேண்டாம், ஆனையூர்

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்த 14 வகைத் தடைப் பட்டியலில் உண்டு. ஆகவே கேட்கலாம். கேட்கிற விதம்தான் விஷயம். அடுத்த போட்டியில் உங்கள் ப்ராஜெக்ட்டே அதுவாக இருக்கட்டும். முதல் டீயிலிருந்து கடைசிச் சாப்பாடு வரை அந்த அரங்கில் சேர்கிற குப்பையை வகை பிரித்து எடை போட்டு, தலைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, கூடவே எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்தால் என்ன செலவு என்று ஒரு கொட்டேஷனும் வாங்கி, இறுதிச் சுற்றில் மேடையில் வையுங்கள். மார்க் குறைக்க நடுவருக்குக் கை வராது. தராசு கல்லூரி கேண்டீனிலேயே இருக்கும், காலை டிபன் முடிந்ததும் கேட்டால் மாஸ்டர் கொடுப்பார்.